இட்லி எண்ணிய கோடை

செங்கல்பட்டு,
வியாழக்கிழமை காலை.

என் மகனுக்கு,

நீ அனுப்பிய இருபது பக்கங்களும் கூரியரில் வந்து சேர்ந்தன. "சம்மர் கேம்ப் பிளான் ரெடிம்மா, சும்மா ஒரு பார்வை பாத்துக் குடு" என்று போனில் சொன்னாய். சும்மா ஒரு பார்வை பார்க்க எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். ஏழு வயதில் நீ எனக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்தையே சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தவள் நான். அதனால் உனக்கு வேண்டியது திருத்தம் அல்ல, பாராட்டுதான் என்று சந்தேகிக்கிறேன். அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்: எழுத்துப் பிழை நான்குதான். கட்டங்கள் நேராக இருக்கின்றன. சிறுசேரியில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் ஆறு வருடம் உட்கார்ந்ததற்குக் கட்டம் போடவாவது கற்றிருக்கிறாய். அந்த வேலையை விட்டுவிட்டுக் கூடுவாஞ்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் பிளே ஸ்கூல் தொடங்குகிறேன் என்று நீ வந்து நின்றபோது, இது மருமகளின் யோசனை என்று நினைத்தேன். பிறகு, உன் யோசனைக்கு அவள் தலையாட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டில் எது என்று இரண்டு வருடமாகியும் எனக்குத் தெளியவில்லை. போகட்டும்.

திட்டத்துக்கு வருகிறேன். முதல் நாளே நீர் விளையாட்டு என்று போட்டிருக்கிறாய். மூன்று வயதுக் குழந்தை முதல் நாள் உன் வாசற்படியில் அம்மாவின் துப்பட்டாவை விடாமல் பிடித்துக்கொண்டு அழும். அதன் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் இறக்கினால் அந்த அழுகை கூடம் முழுக்கப் பரவும். முதல் இரண்டு நாளும் மண் விளையாட்டு போதும். மூன்றாம் நாள் தண்ணீர். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை என்கிறாய். பன்னிரண்டரைக்கு அவை தூங்கி விழும். அதற்கு எத்தனை பாய், எந்த அறை என்று ஒரு கட்டத்திலும் இல்லை. அடுப்பில்லாச் சமையல் நல்லதுதான், ஆனால் வாழைப்பழம் நறுக்க பிளாஸ்டிக் கத்தி வேண்டாம், ஐஸ் குச்சி போதும். மே மாதத்தில் காலை பத்து மணிக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வேன் என்று எழுதியவர் யாரானாலும், அந்த மணலில் வெறுங்காலோடு ஒரு நாளும் நின்றதில்லை. கடைசி நாள் கறுப்பு அங்கி, தொப்பி, பட்டமளிப்பு விழா. பத்து நாள் களிமண் உருட்டியதற்கு என்ன பட்டம் தருகிறாய்? பெற்றோருக்குப் புகைப்படம் வேண்டும், உனக்கு அடுத்த ஆண்டு விளம்பரம் வேண்டும். அதை அப்படியே எழுதியிருந்தால் மதித்திருப்பேன். இவற்றையெல்லாம் ஓரத்தில் குறித்து அனுப்புகிறேன். இந்தக் கடிதம் உன் பதினெட்டாம் பக்கத்தைப் பற்றியது.

அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். உன்னிடம் ஒரு வருடமாக உதவிக்கு இருக்கும் தேவிதான் குழந்தைகளைச் சாப்பிட வைக்கிறாள். டப்பாக்கள் காலியாக வீடு திரும்புகின்றன. ஆனால் பிள்ளைகள் வீட்டில் "நான் சாப்பிடல" என்கின்றன. இரண்டு அம்மாக்கள் உன்னிடம் கேட்டுவிட்டார்கள். ஆகவே, டப்பா மூடிகளில் எண் ஒட்டுவது, காலையில் உள்ளே இருப்பதை எழுதிக்கொள்வது, மதியம் குழந்தையைத் தனியே கூப்பிட்டுக் கேட்பது, தேவி உட்காரும் மூலைக்கு மேலே கேமரா மாட்டுவது, பிடிபட்டதும் கேம்ப் தொடங்குவதற்குள் அவளை அனுப்பிவிட்டு வேறு ஆள் எடுப்பது. கேமரா மாட்டுகிறவர் திங்கட்கிழமை மாலை வருகிறார். இத்தனைக்கும் மேலே கொட்டை எழுத்தில் நீ வைத்திருக்கும் தலைப்பு 'அம்மா முறை'. போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "உனக்கு ஒரு கன்னியம்மா மாதிரி எனக்கு ஒரு தேவி கெடச்சிருக்காம்மா. நீ எண்ணிப் பிடிச்ச மாதிரியே பிடிச்சிடறேன் பாரு." நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

கன்னியம்மா கதையை உன் கல்யாண வரவேற்பில்கூட மைக்கைப் பிடித்துச் சொன்னாய். "எங்கம்மா நாலு இட்லியை வெச்சே திருடியக் கண்டுபிடிச்சவங்க" என்றாய். கைதட்டினார்கள். நான் முன் வரிசையில் பட்டுப் புடவையில் உட்கார்ந்து, போதும் போதும் என்பதுபோலக் கையை அசைத்தேன். நீ சொன்னதில் ஒன்றும் தவறில்லை. உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். அந்தக் கதையின் மறுபாதியை நான் உனக்குச் சொன்னதில்லை. போனில் சொல்ல முயன்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அதையே சாக்காக வைத்து நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா போன பிறகு கல்பாக்கம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் வாடகைக்கு வந்தோம். முன்கூடத்தில் நர்சரி, பின்னால் நம் குடித்தனம், அதற்கும் பின்னால் ஓடு போட்ட தாழ்வாரம். அணுமின் நிலையத்திலும் ஆராய்ச்சி மையத்திலும் வேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகள் வந்தார்கள். நாகர்கோவில், கோயம்புத்தூர், கும்பகோணம், வேலூர் என்று ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு ஊர். அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள், படகுக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சிலர் வந்தார்கள். சேர்க்கையின்போது நான் கொடுத்த விதித்தாள் உனக்கு நினைவிருக்கும், ஏனென்றால் உன் பள்ளிக்கும் அதையே தட்டச்சு செய்து கொடுக்கிறாய். அதில் ஏழாவது வரி: 'ஒரு குழந்தையின் உணவை இன்னொரு குழந்தை தொட அனுமதிக்கப்படமாட்டாது.' சுகாதாரம் என்ற தலைப்பின்கீழ் அதைப் போட்டேன். நான் படித்த கான்வென்ட்டில் அவரவர் தட்டு, அவரவர் கரண்டி. விடுதியில் சாப்பாடு முடிந்ததும் கரண்டிகளை எண்ணி அலமாரியில் பூட்டும் பொறுப்பு ஐந்து ஆண்டு என்னிடம் இருந்தது, ஒன்றுகூடக் குறைந்ததில்லை. ஆனால் சேர்க்க வந்த பெற்றோர் சிலர் அந்த ஏழாவது வரியில் விரலை வைத்து, தலையாட்டி, கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் கிருமிக்குப் பயந்து தலையாட்டவில்லை. எந்த வீட்டுச் சமையல் எந்த வீட்டுப் பிள்ளையின் வாயில் படக்கூடாது என்பதற்காகத் தலையாட்டினார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்த வரியைத் தடித்த எழுத்தில் அச்சடித்தேன்.

கன்னியம்மா நம்மிடம் ஆயாவாக இருந்தாள். கடலோரக் குப்பத்திலிருந்து நடந்து வருவாள். நீங்க, வாங்க என்பதெல்லாம் அவள் வாயில் வராது. என்னை 'நீ' என்றே கூப்பிட்ட ஒரே ஆள் அந்தத் தெருவில் அவள்தான். அதை நான் பொறுத்துக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். பொறுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. நீ பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்து வீட்டில் இருந்த அந்த ஏப்ரலில், முதன்முறையாக சம்மர் கேம்ப் நடத்தத் திட்டமிட்டேன். அதுவரை பதினொன்றரைக்கு நர்சரி விட்டுவிடும், சிற்றுண்டி மட்டும்தான், இட்லியோ இரண்டு வாய்ச் சோறோ. கேம்ப் ஒரு மணி வரை, மதியச் சாப்பாட்டோடு. நானும் வசந்தா டீச்சரும் மேசையில் நோட்டைப் பிரித்து வைத்து நாள்வாரியாக எழுதிக்கொண்டிருந்தோம். கன்னியம்மா தரையில் உட்கார்ந்து மெழுகுப் பென்சில்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். கடற்கரைக்குப் போகும் நாளை நான் வாசித்ததும் நிமிர்ந்தாள்.

"பத்து மணிக்கா? மே மாசத்துலயா? காலு பொரிஞ்சி பூடும் டீச்சரம்மா. மீனு காய வெக்கிற மண்ணு அது."

"அப்ப எத்தனை மணிக்குப் போலாங்கற?"

"போவாத. கடல இங்க கொண்டா. ரெண்டு அண்டா தண்ணி, கல்லு உப்பு, ஒரு கூட மண்ணு, நாலு கிளிஞ்சலு. அதுங்களுக்கு அதான் கடலு."

வசந்தா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. யோசனை நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. படிக்காத ஒருத்தி நல்ல யோசனை சொன்னால் அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கும் என்று நினைக்கும்படி நான் வளர்ந்திருந்தேன். யோசனையை எடுத்து, என்னுடையது போல நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு மதியச் சாப்பாட்டைக் கூடத்தில், என் கண் முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்றபோது அவள் பென்சில்களைக் கீழே வைத்தாள். "எல்லாம் உன் இஷ்டம். சோறு துன்ற நேரத்த மட்டும் என்கிட்ட வுட்டுடு. பின்னாலயே இருக்கட்டும். நீ வர வாணாம், உன்னப் பாத்தா புள்ளைங்களுக்குத் தொண்டைல எறங்காது." அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் பிடித்தது. ஏன் பின்னால்? ஏன் நான் வரக்கூடாது?

சந்தேகம் வந்த கண்ணுக்கு எல்லாம் சாட்சி சொல்லும். கார்த்திக் என்று ஒரு பையன், கும்பகோணத்துக் குடும்பம், ஒல்லிக்குச்சி. அவன் அம்மா அதற்கு ஒரு வாரம் முன்புதான் பூரிப்போடு சொல்லியிருந்தார்: "வீட்ல ஒரு இட்லி எறங்காது மேடம், இங்க நாலும் காலி பண்ணிடறான்." வீட்டில் ஒன்று தின்னாத பிள்ளை பள்ளியில் நாலு தின்னுமா? கன்னியம்மா தனக்கென்று ஒரு நாளும் சாப்பாடு கொண்டுவந்ததில்லையே, ஏன்? நீயும் நானும் அந்த முறையை வகுத்தோம். நீதான் மூடிகளில் எண் எழுதி ஒட்டினாய். எட்டு நாள் காலையில் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து உள்ளே இருப்பதை எழுதினோம். சிற்றுண்டி முடிந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நான் கேட்டேன்: "உன் டப்பாவுல இருந்ததை நீ சாப்பிட்டியா?" பாதிக்கு மேல் "இல்ல மிஸ்" என்றன. டப்பா காலி, பிள்ளை சாப்பிடவில்லை, நடுவில் நின்றவள் ஒருத்தி. கணக்கு முடிந்தது என்று நீ பென்சிலை மேசையில் தட்டினாய். எனக்குப் பெருமையாக இருந்தது, உன்னைப் பற்றியும் என்னைப் பற்றியும்.

சனிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டேன். வசந்தாவும் நீயும் இருந்தீர்கள்.

"கார்த்திக்கோட நாலு இட்லி எங்க கன்னியம்மா?"

"துன்னாச்சே."

"யாரு?"

"புள்ளைங்கதான்."

"எந்தப் பிள்ளை? கார்த்திக் நான் சாப்பிடலங்கறான். எட்டு நாளா சொல்றான்."

அவள் வசந்தாவைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், சாத்தியிருந்த வாசற்கதவைப் பார்த்தாள். "நான் துன்னல டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னாள். பையைக் காட்டச் சொன்னேன். அவள் தயங்கினாள், நானே வாங்கி மேசையில் கவிழ்த்தேன். ஒரு சீப்பு, வெற்றிலைப் பொட்டலம், நம் பள்ளியின் எவர்சில்வர் கரண்டி ஒன்று. "இதையும் பிள்ளைங்கதான் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். அவள் சீப்பையும் வெற்றிலையையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். நீ இத்தனை நாளாகச் சொல்லிவரும் கதை இங்கே முடிகிறது. அந்தக் கரண்டி ஏன் அவள் பையில் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன், தெரியாததைத் தெரிந்ததுபோல உனக்கு இனி நான் எழுதமாட்டேன்.

கேம்ப் தொடங்கியபோது நீ ஊரில் இல்லை, மதுரையில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாய். முதல் நாள் மதியம் கூடத்தில் பாய் விரித்து, வட்டமாக உட்கார வைத்து, அவரவர் டப்பாவை எண் பார்த்து அவரவர் முன்னால் நானே வைத்தேன். ஒரு பிள்ளையும் தொடவில்லை. பயம் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூடிய டப்பாக்கள் நிறைந்தபடியே வீடு திரும்பின. நாகர்கோவில் குடும்பத்துப் பெண் ஒன்று இருந்தது, ஷாலினி. நாலு வயது, வாய் ஓயாது. மூன்றாம் நாள் அது தன் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, "மிஸ், என் இட்லி எங்க?" என்றது.

"உன் டப்பாவுல புட்டு இருக்கே, வாழைப்பழம் போட்டு."

"புட்டு கார்த்திக்கோடது. இட்லிதான் என்னோடது. ஆயாவுக்குத் தெரியும்." பிறகு, என்னை ஒன்றும் தெரியாத புது டீச்சரைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "நீங்க ஆயாட்ட கேளுங்க" என்றது.

எட்டு நாள் நான் பிள்ளைகளைக் கேட்டேனே, அத்தனை பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். தன் டப்பாவில் இருந்ததைச் சாப்பிட்டாயா என்றால் இல்லை என்றுதானே சொல்வார்கள்? நீ என்ன சாப்பிட்டாய் என்று ஒரு பிள்ளையைக்கூட நான் கேட்கவில்லை. வீட்டில் தினமும் ஊட்டி ஊட்டிச் சலித்த சாப்பாட்டைத் தொடாத பிள்ளை, இன்னொரு வீட்டுச் சாப்பாடு என்றால் தின்கிறது. இதை அவள் பார்த்திருக்கிறாள், பயிற்சி பெற்ற நான் பார்க்கவில்லை. சந்தேகப்படுவது தவறென்று நான் எழுதவில்லை. இன்றைக்கும் பால்காரரை, மருந்துக்கடையை, உன் கட்டங்களைச் சந்தேகிக்கிறேன், அது என்னை விட்டுப் போகாது. அன்று நான் சந்தேகிக்காமல் விட்டது ஒன்றுதான், நான் கேட்ட கேள்வியை.

அன்று பிற்பகலே குப்பத்துக்குப் போனேன். தண்ணீர்க் குழாயடியில் எட்டு, ஒன்பது பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அவள் நடுவில் நின்றாள். என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள்.

"இன்னா டீச்சரம்மா, இட்லி எண்ணி முட்ச்சிட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். கதை அங்கே ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. நான், "கேம்ப்புக்கு ஆள் வேணும் கன்னியம்மா, நாளையிலேர்ந்து வா" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது வேறு. வாயில் வந்தது அது.

"ஆளு வோணும்னா பஸ் ஸ்டாண்டாண்ட போயி நில்லு, நூறு பேரு கெடைப்பாங்க. நான் திருடியா இல்லியா? அத்த சொல்லு மொதல்ல."

"தப்பு நடந்துபோச்சு."

"அதுவா நடந்துச்சா? காலு கீதா அதுக்கு?"

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் கோபம் வந்தது. அங்கே நின்றுகொண்டும் கோபம் வந்தது. "அன்னைக்கே ஏன் சொல்லல நீ?" என்று அதட்டினேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"இன்னான்னு சொல்றது? உன் காயிதத்துல போட்டுகீற இல்ல, ஒருத்தர் சோத்த ஒருத்தர் தொடமாட்டாங்கன்னு? அந்தப் பொண்ணு வூட்டுப் புட்ட அந்தப் புள்ள துன்னுதுன்னு அதும் ஆத்தா காதுல வுழுந்தா மறுநாளே நிறுத்திடும். ஒண்ணு போனா நாலு போவும். புருசன் இல்லாதவ நீ, ஒரு புள்ளய வெச்சிகினு இன்னா பண்ணுவேன்னுதான் வாய மூடிகினு நின்னேன். நீ என் பைய கவுத்த." இரண்டு விரலை நீட்டி, "கவுச்சி டப்பா ஒரு பக்கம், கவுச்சி இல்லாதது ஒரு பக்கம். ஒரு நாளு மாத்தி வெச்சதில்ல. உனக்கு மட்டும்தான் எண்ணத் தெரியும்னு நெனச்சிகினியா?" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் உன்னைத் திருடி என்றேன், நீ திருடி இல்லை, என்று அந்தப் பெண்கள் காதில் விழும்படி இரண்டு வாக்கியம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்தாள். "நான் வரல. போ" என்று குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தவள், போகிற போக்கில் திரும்பாமலே சொல்லத் தொடங்கினாள். "சுருட்ட முடிக்காரனுக்குப் பருப்பு சோறு, மொளகா இருந்தா எடுத்துட்டுக் குடு. கண்ணாடி போட்டது தயிரு பாத்தா வாந்தி எடுக்கும். நாடாரம்மா பொண்ணு, இட்லிய உதிர்த்து சக்கர போட்டுக் குடு." பதினோரு பிள்ளைகளுக்கும் சொன்னாள். நான் அவள் பின்னாலேயே, மணலில் செருப்பு புதையப் புதைய, மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன்.

மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பாட்டைப் பின் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். வசந்தாவையும் உள்ளே விடாமல் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். கன்னியம்மா சொன்னபடியே டப்பாக்களை மாற்றி வைத்தேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். எந்தக் காரியத்துக்காக அவளைத் துரத்தினேனோ அதையே அவளைவிடக் கள்ளத்தனமாக அந்தக் கேம்ப் முடியும்வரை செய்தேன். கடைசி நாள் கார்த்திக்கின் அம்மா எல்லார் முன்னாலும், "உங்க நேரடிப் பார்வையில சாப்பிட்டா அது தனிதான் மேடம்" என்றார். நன்றி சொன்னேன். விதித்தாளில் ஏழாவது வரி அப்படியே இருந்தது. நான் பள்ளியை மூடும்வரை இருந்தது. நீ திரும்பி வந்து கன்னியம்மா கதையை உறவினரிடம் சொல்லிச் சிரித்தபோது நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாய். ஒரு வருடம் கழித்து நானே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். சொல்லச் சொல்ல நன்றாகவும் வந்தது.

கதையாக மட்டும் அது நிற்கவில்லை. குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்காரர்கள் அவளை வேலைக்கு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். "நான் எதுவும் சொல்ல விரும்பல" என்றேன். ஒன்றுமே சொல்லாமல் ஒருத்தியை முடித்துவிடலாம் என்பதை நல்ல பள்ளிக்கூடங்கள் கற்றுக்கொடுக்கின்றன. கடல் ஊருக்குள் வந்த அந்த வருடம் எனக்கு முதலில் நினைவு வந்த பெயர் அவளுடையதுதான். விசாரித்தேன். பிழைத்திருக்கிறாள், மகளோடு இருக்கிறாள் என்றார்கள். விசாரித்ததோடு நின்றுகொண்டேன். அவளைப் பார்க்கப் போவேன் என்று இந்தக் கடிதத்தில் உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். கொடுத்தால் அதையும் என் பெருமையில் சேர்த்துக்கொள்வேன். போனால், போய்விட்டு வந்து சொல்கிறேன்.

இப்போது உன் தேவி. அவள் குற்றமற்றவள் என்று நான் சொல்லவில்லை. நான் அவளை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் தின்றுகொண்டும் இருக்கலாம். உன்னிடம் இருப்பவை இரண்டே செய்திகள்: டப்பா காலி, பிள்ளை சாப்பிடவில்லை என்கிறது. நானும் அதே இரண்டை வைத்துத்தான் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தேன். உன் கேமரா அவள் டப்பாவை மாற்றுவதைக் காட்டும், ஏன் மாற்றுகிறாள் என்று காட்டாது. கருவியின் பேச்சை நீ மனிதர்கள் பேச்சைவிட நம்புவாய் என்பதுதான் எனக்கு இப்போதைய பயம்.

அதனால் கேமராக்காரர் வருவதற்கு முன்னால், திங்கட்கிழமை மதியம், உன் மனைவி கட்டிக் கொடுக்கும் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார். நாற்காலி வேண்டாம். நோட்டு வேண்டாம். உன் டப்பாவை மற்ற டப்பாக்களோடு தேவியின் கையில் கொடுத்துவிட்டு, இன்றைக்கு நானும் உன் பந்தியில்தான் என்று சொல். அவள் பயப்படுவாள், பேசாமல் உட்கார்ந்திரு. பிள்ளைகள் காட்டிக் கொடுத்துவிடும், அவற்றுக்கு மறைக்கத் தெரியாது. எந்தச் சாப்பாடு உன் முன்னால் வருகிறதோ அதைச் சாப்பிடு. அவள் திருடுகிறாள் என்று அப்போதும் தெரிந்தால் அவள் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பு. திருடவில்லை, மாற்றுகிறாள் என்று தெரிந்தால் என்னைப்போலக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதில் பலனடையாதே. பெற்றோரைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைகள் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள், செய்வது தேவி, கேம்ப்பிலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லிவிட்டு, அந்த ஏழாவது வரியை அவர்கள் முன்னால் அடித்து நீக்கு. சிலர் பிள்ளையை நிறுத்துவார்கள். நிறுத்துவார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பயத்தில்தான் நான் பதினாறு வருடம் பள்ளி நடத்தினேன். கேம்ப்புக்குச் சேர்ந்த இருபத்திரண்டில் ஐந்து போனாலும் மிச்சமுள்ளவர்களோடு நடத்து. அத்தனை பேரும் போய்விட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அப்போது மருமகளைக் கேள்.

திங்கட்கிழமை மதியம் வரை எனக்குப் போன் செய்யாதே. செய்தால் தப்பிக்க வழி தேடுகிறாய் என்றுதான் நினைப்பேன். கை கழுவிய பிறகு செய். அவள் திருடினாளா இல்லையா என்று உன்னிடம் முதலில் கேட்கமாட்டேன். நீ என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பேன்.

அம்மா